ஊரில் ஒன்றே ஒன்று இருக்கும் காரை எந்தப் பிரிவில் ஓட்டுவது?

மாஸ்டா மியாட்டா வைத்திருப்பவருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. அவருக்கென்றே ‘ஸ்பெக் மியாட்டா’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எந்த ஸ்பிரிங், எந்த டயர், எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். ரேஸ் நடுவே வீல் பேரிங் போனால் பக்கத்து ட்ரெய்லரில் கடன் கேட்கலாம். டிவிஆர், ஃபியட் எக்ஸ்1/9, ஓப்பல் ஜிடி, லோட்டஸ் யூரோப்பா என்று அபூர்வக் கார்களை ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்குத்தான் தலைவலி. கார் கையில் இருக்கும், ஓட்டவும் ஆசை இருக்கும். ஆனால் எந்த வரிசையில் போய் நிற்பது என்று தெரியாது.

என்னுடையது 1975 ஜென்சன்-ஹீலி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1972 முதல் 1976 வரை சுமார் 10,500 கார்கள்தான் செய்தார்கள். லோட்டஸ் கொடுத்த 907 என்ஜின்: 1973 சிசி, இரண்டு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 16 வால்வு, 45 டிகிரி ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அட்லாண்டா பக்கம் எந்த ட்ராக்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் வந்து “இது எம்ஜியா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் இப்போதெல்லாம் தலையாட்டிவிடுகிறேன்.

இங்கே சொல்வது அமெரிக்க கிளப் ரேஸுக்கு, அதாவது பொழுதுபோக்காக ஓட்டுபவர்களின் பந்தயத்துக்கு. 1944 முதல் இருக்கும் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா), அதற்குப் பின்னால் வந்த நாசா (ராக்கெட் விடும் நாசா இல்லை, கார் ஓட்டும் நாசா), பழைய கார்களுக்கான வின்டேஜ் சங்கங்கள் என்று மூன்று வாசல்கள். மூன்றும் பிரிவு பிரிக்கும் விதமே வேறு.

முதல் படி: ஸ்பானரைக் கீழே வையுங்கள், ரூல்புக்கை எடுங்கள்

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கார் வந்த வாரமே ஆன்லைனில் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் சேர்ந்தது), சீட், ஸ்டீயரிங் என்று ஆர்டர் போட ஆரம்பித்துவிட்டேன். ரூல்புக்கைத் திறந்தது மூன்று மாதம் கழித்து. வாங்கியதில் பாதியைத் திருப்பி விற்க வேண்டியதாயிற்று.

எஸ்சிசிஏவின் விதிப்புத்தகத்தை ஜிசிஆர் என்பார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும். இடையில் மாதாமாதம் ‘ஃபாஸ்ட்ராக்’ என்ற பெயரில் திருத்தங்கள் வரும். அதில் தேட வேண்டியது உங்கள் காரின் பெயரை. பெயர் இருக்கும் அந்த ஒற்றை வரியை ‘ஸ்பெக் லைன்’ என்று சொல்கிறார்கள். எந்த வருட மாடல்கள், சிலிண்டர் விட்டம் (போர்), பிஸ்டன் ஓடும் நீளம் (ஸ்ட்ரோக்), வால்வு அளவு, கியர் விகிதங்கள், பிரேக் அளவு, குறைந்தபட்ச எடை எல்லாம் அந்த வரியில் இருக்கும். காரின் ஜாதகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜென்சன்-ஹீலி எனக்கு இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று, ‘இம்ப்ரூவ்ட் டூரிங்’ (சுருக்கமாக ஐடி) குடும்பத்தில் ஐடிஎஸ். இரண்டாவது, ‘புரொடக்‌ஷன்’ குடும்பத்தில் ஈ புரொடக்‌ஷன். ஐ.டி. என்றதும் நம்மவர்களுக்கு சாஃப்ட்வேர் கம்பெனிதான் ஞாபகம் வரும்; எனக்கும் வந்தது. இரண்டு குடும்பங்களும் குணத்தில் எதிரெதிர்.

ஐடியின் அடிப்படை ஒரே வாக்கியம்: செய்யலாம் என்று எழுதியிருந்தால்தான் செய்யலாம். எழுதவில்லை என்றால் அது அனுமதி ஆகாது. ஷாக் அப்ஸார்பர், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், டிஃபரன்ஷியல் இவற்றில் சுதந்திரம் உண்டு. கேம் ஷாஃப்ட் கம்பெனி கொடுத்ததுதான். கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்றலாம், சிலிண்டரைக் கொஞ்சம் கடையலாம், அவ்வளவே. டாஷ்போர்டு இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ரோல்கேஜ் (ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூடு) குழாய் ஃபயர்வாலை, அதாவது என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தடுப்பை, தாண்டி முன்னால் போகக் கூடாது.

புரொடக்‌ஷனில் கையும் அவிழும், பர்ஸும் அவிழும். வேறு கேம், உயர்ந்த கம்ப்ரஷன், நேர்வெட்டு கியர்கள், ஸ்லிக் என்ற வழுவழு டயர், உள்ளே இருப்பதைக் கழற்றி எறிவது என்று போய்க்கொண்டே இருக்கும்.

ரூல்புக்கில் உங்கள் கார் இல்லவே இல்லையா? அதற்கும் வழி உண்டு. எஸ்சிசிஏவின் விதிக்குழுவான கிளப் ரேஸிங் போர்டுக்கு எழுதிக் கேட்கலாம். ஐடிக்குக் கேட்டால் விடிஎஸ் என்ற தொழில்நுட்பப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். இங்கே ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவலிலிருந்து பக்கத்தோடு நகல் எடுத்து இணையுங்கள். அபூர்வக் கார் விஷயத்தில் குழுவில் இருப்பவர்களுக்கும் அந்தக் கார் புதுசுதான்; நீங்கள் அனுப்பும் காகிதம்தான் அவர்களுக்குத் தெரிந்த முழு விவரம். “என் கார் பாவம், மெதுவான பிரிவில் போடுங்கள்” என்று எழுதினால் வேலைக்காகாது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள, உங்கள் காரோடு சக்தியிலும் எடையிலும் ஒத்த இரண்டு கார்களைக் காட்டி “இவற்றுக்கு அருகில்” என்று கேளுங்கள். பதில் ஃபாஸ்ட்ராக்கில் வரும். இந்த சீசனுக்குள் வந்துவிடும் என்று நம்பி ட்ராக்குக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்து வைத்திருக்கிறார்?

அபூர்வக் கார்கள் பெரும்பாலும் பாதி ரேஸ் கார் ஆன நிலையில்தான் கைமாறும். யாரோ ஆரம்பித்து, யாரோ கைவிட்டு, ஷெட்டில் பத்து வருடம் தூங்கி எழுந்து வரும். விற்றவர் என்னிடம் “என்ஜின் ஸ்டாக்தான்” என்று சொன்னார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கேம் கவரைத் திறந்து, டயல் கேஜைப் பொருத்தி, வால்வு எவ்வளவு எழும்புகிறது என்று அளக்க கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினோம். நான் சுற்ற, நண்பர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்தேன். முதல் வால்விலேயே எண் மேனுவலில் இருப்பதைவிடத் தாண்டிப் போனது. தப்பாகப் பொருத்திவிட்டோமோ என்று கழற்றி மறுபடி வைத்தோம். அதே எண். பதினாறையும் அளந்து முடிப்பதற்குள் மாலை ஆகிவிட்டது. இரண்டு கேமும் வேறு கேம். அந்த என்ஜினோடு ஐடிஎஸ்ஸில் போய் நின்றிருந்தால், யாராவது புகார் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்ன முதல் நாளே வெளியே அனுப்பியிருப்பார்கள். பழைய கேம்கள் காரோடு வந்த அட்டைப்பெட்டியில், ஒரு கிழிந்த டவலுக்குள் கிடந்தன. அது என் அதிர்ஷ்டம்.

அதனால் ஒரு பட்டியல் போடுங்கள். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியவை ஒரு பக்கம்: கேம், கார்புரேட்டர், சீட், ஸ்பிரிங். கொண்டுவர முடியாதவை இன்னொரு பக்கம்: வெட்டிய ஃபெண்டர், அறுத்து எறிந்த உள்தகடு, ஃபயர்வாலைத் துளைத்துப் போகும் ரோல்கேஜ். இரண்டாவது பக்கம் நீளமாக இருந்தால் உங்கள் பிரிவு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. புரொடக்‌ஷனோ அதற்கு மேலோதான். கட்டுப்பாடான பிரிவிலிருந்து தளர்ந்த பிரிவுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். திரும்பி வருவதற்குத்தான் வெல்டரும் பணமும் தேவை.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

ஐடியில் எடை நிர்ணயிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். கம்பெனி சொன்ன ஹார்ஸ்பவரை 1.25-ஆல் பெருக்க வேண்டும். அனுமதித்த வேலைகளால் 25 சதவீதம் கூடும் என்பது ஊகம். வந்ததைப் பிரிவுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். ஐடிஎஸ்ஸுக்கு அது 12.9. ஜென்சன்-ஹீலிக்கு 140 ஹார்ஸ்பவர் என்று வைத்தால் 175, அதை 12.9-ஆல் பெருக்கினால் சுமார் 2,250 பவுண்டு. சஸ்பென்ஷன் முதலியவற்றுக்காக இதில் கொஞ்சம் கூட்டிக் கழிப்பார்கள். ஓட்டுபவரையும் சேர்த்த எடை இது. சூத்திரம் என்ன சொன்னாலும் ஸ்பெக் லைனில் அச்சாகியிருக்கும் எண்ணே சட்டம். சூத்திரம் உங்களுக்கு ஒரு உரைகல் மட்டும்.

இந்த 25 சதவீதத்தில்தான் அபூர்வக் காரின் விதி இருக்கிறது. சில என்ஜின்கள் கம்பெனியிலிருந்தே நன்றாக மூச்சு விடும். அதில் பிடுங்கி எடுக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது. சிலவற்றை அந்தக் காலத்து மாசுக் கட்டுப்பாட்டுக்காகக் கழுத்தை நெரித்து விற்றிருப்பார்கள். அவிழ்த்துவிட்டால் 25-ஐத் தாண்டிப் போகும். பத்துப் பேர் ஓட்டும் கார் என்றால் உண்மையான எண் எல்லோருக்கும் தெரிந்து எடையும் சரியாகிவிடும். ஒரே ஒருவர் ஓட்டும் காருக்கு யார் திருத்துவார்கள்? காகிதத்தில் போட்டது அப்படியே நிற்கும்.

நாசாவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எஸ்டி1 முதல் எஸ்டி6 வரையுள்ள பிரிவுகளுக்கு உங்கள் கார் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை. எடையைச் சக்தியால் வகுங்கள். விகிதம் பிரிவின் எல்லைக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். எஸ்டி5-க்கு 14, எஸ்டி6-க்கு 18. எடை ரேஸ் முடிந்து தராசில் ஓட்டுநரோடு வரும் எடை. சக்தி, டைனோ என்ற அளவுக் கருவியில் வீலில் அளந்தது.

என் காரையே எடுத்துக்கொள்வோம். டைனோவில் 130, தராசில் என்னோடு சேர்த்து 2,300 பவுண்டு. வகுத்தால் 17.7. எஸ்டி6-க்கு 18 வேண்டும், மயிரிழையில் போயிற்று. அப்படியே விட்டால் எஸ்டி5. அங்கே 14 வரை உள்ள கார்களோடு ஓட வேண்டும். அதே எடைக்கு அவர்களிடம் 164 ஹார்ஸ்பவர் இருக்கலாம். நேர்பாதையில் கையசைத்து வழிவிடும் வேலைதான் எனக்கு. ஆனால் 130-ஐ 18-ஆல் பெருக்கினால் 2,340. பக்கத்து சீட் இருந்த இடத்தில் 40 பவுண்டு ஈயத்தை போல்ட் போட்டு முடுக்கினால் நான் எஸ்டி6-இன் உச்சியில் இருக்கும் கார். டயர் போன்றவற்றுக்காக விகிதத்தில் திருத்தங்கள் உண்டு, அவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். எல்லையில் சரியாக நிற்காமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். குளிர்ந்த காலையில் டைனோ இரண்டு குதிரை கூடுதலாகக் காட்டும்.

நான்காம் படி: பழைய கோப்பைகளைப் பார்த்து மயங்காதீர்கள்

ஜென்சன்-ஹீலி வாங்கும் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: 1973, 1974 இரண்டு வருடமும் எஸ்சிசிஏ டி புரொடக்‌ஷன் தேசியப் பட்டம் இந்தக் காருக்குத்தான். உண்மைதான். ஹஃபேக்கர் பட்டறை தயாரித்த கார், ஓட்டியவர் லீ மியுல்லர். நானும் அதைக் கேட்டுத்தான் விழுந்தேன். ஆனால் அன்று அந்தப் பிரிவில் எதிரே நின்றவற்றில் டிரையம்ஃப் டிஆர்6 போன்ற, புஷ்ராட் என்ற பழைய பாணி என்ஜின் கார்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே 16 வால்வு என்ஜினோடு, தேர்ந்த பட்டறையின் கைவண்ணத்தில் வந்த கார் இது. இன்று டி புரொடக்‌ஷன் என்ற பிரிவே கிடையாது; ஈ, எஃப், எச் மூன்றுதான் மிச்சம்.

பெரிய கம்பெனிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. டொயோட்டா 2000ஜிடி மொத்தமே 351 கார்கள். 1968-இல் அமெரிக்கப் பந்தயக் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பியிடம் கொடுத்து சி புரொடக்‌ஷனில் இறக்கினார்கள். போர்ஷேக்கள் இருந்த அந்தப் பிரிவில் பட்டம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே பிரிவுக்கு போர்ஷே 914/6-ஐ அனுப்பியது. அந்தக் காரின் ஜிடி வடிவம் அதே 1970-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்த கார். ஆனால் அமெரிக்க கிளப் ரேஸில் 1970, 1971 இரண்டு வருடமும் பட்டத்தைக் கொண்டுபோனது பீட் பிராக்கின் பிஆர்இ அணியின் டாட்சன் 240இசட். ஓட்டியவர் ஜான் மார்ட்டன். கார் கெட்டிக்காரக் கார்தான், நின்ற வரிசைதான் சரியில்லை. நம்மிடம் போர்ஷேயின் கஜானாவும் இல்லை.

ஐந்தாம் படி: தலையை எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முதல் படியாக இருக்க வேண்டும். ஆனால் பட்டியலில் எந்தெந்தப் பிரிவு உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று தெரியாமல் எதை எண்ணுவது?

உங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத்தில் போகக்கூடிய ட்ராக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று வருட ரேஸ் முடிவுகளைத் திறந்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை கார் ஓடியது, அதில் எத்தனை பெயர்கள் மூன்று வருடமும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். வரப்போகும் ரேஸ்களுக்கு மோட்டார்ஸ்போர்ட்ரெஜ் தளத்தில் யார் யார் பதிந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். காகிதத்தில் உங்கள் காருக்கு உகந்த பிரிவில் உங்கள் ஊரில் யாருமே ஓடவில்லை என்றால், ஒவ்வொரு ஞாயிறும் முதல் பரிசு உங்களுக்குத்தான். இரண்டாம் பரிசு யாருக்கும் கிடையாது. ஒரு சீசன் அப்படி ஓட்டியவரை எனக்குத் தெரியும். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு வாங்கக்கூட மேடைக்குப் போகவில்லை.

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஐடி உயிரோடு இருக்கிறது. ரோட் அட்லாண்டாவில் நவம்பரில் நடக்கும் ஏஆர்ஆர்சி பந்தயத்தை ஐடிக்காரர்கள் தங்கள் தேசியப் போட்டி மாதிரியே நினைக்கிறார்கள். ஐடி என்பது எஸ்சிசிஏவில் வட்டார அளவுப் பிரிவு; ரன்ஆஃப்ஸ் என்ற தேசியப் போட்டிக்குப் போகாது. ரன்ஆஃப்ஸ் கனவு இருந்தால் புரொடக்‌ஷன் பக்கம் போக வேண்டும். கனவு இல்லாவிட்டால், நடுவரிசையில் ஏழு எட்டு கார் முட்டிமோதும் இடத்தில் ஆறாவதாக வருவதைவிட ஆனந்தம் வேறில்லை.

பிரிவோடு ‘ரன் குரூப்’பையும் பாருங்கள். பல பிரிவுகளை ஒரே நேரத்தில் ட்ராக்கில் விடுவார்கள். உங்களைவிட மிக வேகமான கார்களோடு சேர்த்துவிட்டால் பாதி நேரம் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், சில வட்டாரங்களில் எஸ்பிஓ, எஸ்பியு என்று எங்கும் பொருந்தாதவற்றுக்கான பிரிவுகள் இருக்கும். கார் எப்படி இருந்தாலும் ஏற்பார்கள். முதல் வருடம் கை பழக நல்ல இடம்.

ஆறாம் படி: வின்டேஜ் வாசல்

1960, 70களின் கார் என்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். எம்ஜியா என்று கேட்காமல் “907-ஆ? எண்ணெய் ஒழுகுகிறதா?” என்று கேட்கும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இடிப்பதை அவர்கள் பொறுக்க மாட்டார்கள். பல சங்கங்களில் 13/13 என்று ஒரு விதி: தப்பு உங்கள் மேல் என்றால் 13 மாதம் கண்காணிப்பு, அதற்குள் மறுபடி நடந்தால் 13 மாதம் தடை. அபூர்வக் காரின் ஃபெண்டருக்கு மாற்று கிடைக்காது என்று தெரிந்தவர்கள் போட்ட விதி.

சிக்கல் வருடத்தில் இருக்கிறது. பல இடங்களில் ஸ்போர்ட்ஸ் கார் குழுவுக்கு 1972 என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஜென்சன்-ஹீலி பிறந்ததே அந்த வருடம். என் 1975 கோட்டுக்கு வெளியே. அதே உருவம், அதே என்ஜின் குடும்பம் என்று காட்டிச் சில சங்கங்களில் பேசலாம். சில இடங்களில் அதற்குப் பிந்தைய கார்களுக்குத் தனிக் குழு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் பிரிவுகளைக் கவனிக்கும் அதிகாரிக்குப் படத்தோடு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: எந்தப் பிரிவு உங்கள் காரை உடைக்கும்?

அபூர்வக் காருக்கு இது தனிக் கேள்வி. பிரிவு தளரத் தளர என்ஜின் வேகமாகச் சுற்றும், டயர் இறுக்கமாகப் பிடிக்கும், உடைவது கியர்பாக்ஸாக இருக்கும். ஐந்து கியர் ஜென்சன்-ஹீலியில் இருப்பது கெட்ராக் பெட்டி. அந்தக் கால பிஎம்டபிள்யூ ஆட்கள் வைத்திருக்கும் உறவுக்காரப் பெட்டி என்பதால் பாகம் தேடலாம். என்ஜினுக்கு லோட்டஸ் எஸ்ப்ரி பக்கம் சொந்தம் இருக்கிறது. முன் சஸ்பென்ஷன் வாக்ஸால் வம்சம். அமெரிக்காவில் அதற்கு உதிரி தேடுவது தனிப் பொழுதுபோக்கு. உங்கள் காரில் எந்தெந்தப் பாகம் வேறு எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒரு வம்சாவளி எழுதிவையுங்கள். சொந்தம் இல்லாத பாகத்தை அதிகம் வதைக்காத பிரிவைத் தேர்ந்தெடுங்கள். டயரும் அப்படித்தான்: 13 அங்குல வீலுக்கு ரேஸ் டயர் தேர்வு சுருங்கிவிட்டது. விதி எந்த விட்டம், எந்த அகலம் வரை விடுகிறது என்று பார்த்துவிட்டு வீல் வாங்குங்கள்.

எட்டாம் படி: கேஜும் காகிதமும்

ரோல்கேஜை நீங்கள் போக வாய்ப்புள்ள பிரிவுகளிலேயே மிகக் கறாரானதற்கு ஏற்ப வெல்ட் செய்யுங்கள். வெல்டர் “இன்னொரு குழாய் போட்டுவிடலாமா” என்று அன்பாகக் கேட்பார். ரூல்புக் பக்கத்தைக் காட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்பு, பெல்ட், ஜன்னல் வலை இவற்றில் பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம் இல்லை. காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வாங்குங்கள். லைசென்ஸுக்கு ஓட்டுநர் பள்ளி முடிக்க வேண்டும். நாசா பக்கம் போனால் ட்ராக் நாட்களிலேயே படிப்படியாக ஏறி வரலாம்.

சோதனை முடிந்ததும் காருக்கென்று ஒரு லாக்புக் தருவார்கள். அதன் பின்னால் ஸ்பெக் லைன் பக்கத்தையும் மேனுவலில் கேம் அளவுள்ள பக்கத்தையும் நகலெடுத்துச் செருகி வைத்திருக்கிறேன். பரிசோதகர் இந்தக் காரை முன்பின் பார்த்திருக்க மாட்டார். “இது இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்கும்போது காகிதத்தை நீட்டினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் கடைசியில் டவலுக்குள் கிடந்த பழைய கேம்களைப் போட்டு ஐடிஎஸ்ஸுக்கே வந்தேன். ஈயத்தையும் ட்ரெய்லரில் எடுத்துப் போகிறேன். நாசா ரேஸ் அருகில் வந்தால் 40 பவுண்டை முடுக்கி எஸ்டி6-இல் ஓட்டலாம். அதனால் ஒன்று: கதவில் ஒட்டும் பிரிவு எழுத்துகளை முதல் சீசனிலேயே அழகாக வினைலில் வெட்டிக் கொண்டுவராதீர்கள். ஒரு சுருள் கறுப்பு டேப்பும் கத்தரியும் போதும். என் கதவில் ஐடிஎஸ்ஸுக்குக் கீழே ஒரு பழைய ‘ஈ’யின் பசைத் தடம் இன்னும் தெரிகிறது, எவ்வளவு தேய்த்தும் போக மாட்டேன் என்கிறது.